திரை இருண்டால் தமிழும் போய்விடுகிறது

கடந்த மாரியில் ஒரு நாள், கடை பூட்டுகிற நேரம், துணுக்காய்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி தன் மகளோடு வந்தார். மழை நனைக்காமல் உரப்பையால் சுற்றிய மடிக்கணினி ஒன்று அவர் கையில் இருந்தது. பாரிஸில் இருக்கும் அவருடைய தம்பி அனுப்பியது.

"தம்பி, இது செத்துப்போச்சாம். வேறொரு கடையில காட்டினனாங்கள். போர்ட் போச்சு, மாத்த முப்பத்தையாயிரம் வேணுமெண்டு சொல்லிப்போட்டினம். நெல்லு வெட்டினாத்தான் எங்களுக்குக் காசு. நீங்கள் ஒருக்காப் பாருங்கோ" என்றார்.

மகள் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறாள். தலையை நிமிர்த்தாமலே, "நான்தான் அண்ணா பழுதாக்கிப்போட்டன்" என்றாள்.

அவள் செய்தது இவ்வளவுதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அந்தக் கணினியில் இருந்தது ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளை, ஒருசிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். சினேகிதியின் வீட்டில் அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டைத் தரவிறக்கி, பென் டிரைவில் எழுதி, கணினியில் குத்திப் போட்டிருக்கிறாள். மின்ட்டின் சின்னம் வந்தது. அதற்குப் பிறகு திரை கறுத்தது. எத்தனை தரம் போட்டாலும் அதே கறுப்புத்தான்.

நான் கப்ஸ் லொக் விசையை அழுத்தினேன். அதன் சிறு விளக்கு பற்றியது. மறுபடி அழுத்த அணைந்தது. விசைக்கு இயந்திரம் பதில் சொல்கிறது என்றால் உள்ளே உயிர் இருக்கிறது, பார்வைதான் இல்லை. "பிள்ளை, இது சாகேல்லை. கண் மட்டும் தெரியேல்லை" என்றேன். தகப்பன் கதிரையில் இருந்தார். அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தவர்.

வன்னியில், மல்லாவியில் கணினி திருத்தும் கடை வைத்து எனக்குப் பதினான்கு ஆண்டுகளாகின்றன. லினக்ஸ் போடப் போய்த் திரை இருண்டதால் "செத்துப்போச்சு" என்று என்னிடம் வந்த கணினிகளிலே உண்மையில் செத்தவை மிகக் குறைவு. உயிருள்ள இயந்திரங்கள் பழைய இரும்பு வாங்கும் லொறியில் ஏறிப் போவதையும் பார்த்திருக்கிறேன். இது பற்றி எங்கள் கல்வி வலயங்களில் ஒரு முடிவு எடுக்கப்பட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் இருள்கிறது என்று சொல்ல வேண்டும். கணினியைப் போட்டவுடன் தெரியும் எழுத்துகளையும் சின்னத்தையும் காட்டுவது போர்டில் ஏற்கனவே பதிந்திருக்கும் எளிய காட்சி வசதி. சில வினாடிகளில் லினக்ஸின் மையமான கருநிரல் எழும்பி, கிராபிக்ஸ் சிப்புக்கு ஏற்ற டிரைவரை ஏற்றி, திரையின் அளவையும் வேகத்தையும் தானே அமைக்க முயலும். அந்த டிரைவரும் சிப்பும் ஒத்துப்போனால் படம் வரும். ஒத்துப்போகாவிட்டால், பழைய காட்சியை விட்டாயிற்று, புதிய காட்சி வந்து சேரவில்லை. இந்த இடைவெளிதான் கறுப்புத் திரை. குளத்திலே தண்ணீர் நிற்கிறது, துருசு திறபடாததால் வயலுக்கு வரவில்லை. குளம் வற்றிவிட்டது என்று யாரும் வயலை விற்பதில்லையே.

இன்டெல்லின் கிராபிக்ஸ் மட்டும் உள்ள கணினிகளில் இந்தச் சிக்கல் அரிது. அதற்கான டிரைவர் கருநிரலோடு சேர்ந்தே வருகிறது. ஏஎம்டிக்கும் அப்படியே. ஆனால் அதன் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய நிலைப்பொருள் கோப்புகளும் கூடவே இருக்க வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிறுவி 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்துதான் அவற்றைத் தன்னோடு கொண்டுவருகிறது. அதிகம் சோதிப்பது என்விடியாதான். அந்த நிறுவனம் தன் சிப்புகளின் உள்விவரத்தை நீண்ட காலம் வெளியே தரவில்லை. தன்னார்வலர்கள் சிப் எப்படி நடக்கிறது என்று வெளியிலிருந்தே ஆராய்ந்து ஒரு டிரைவரை எழுதினார்கள். அதன் பெயர் நூவோ. பிரெஞ்சு மொழியில் 'புதிய' என்று பொருள். 2010இல் அது கருநிரலில் சேர்ந்தது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னபோது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மேடையிலேயே என்விடியா மீது கோபத்தைக் கொட்டினார். 2022 மே மாதத்தில்தான் அந்த நிறுவனம் தன் கருநிரல் பகுதிகளைத் திறந்து விட்டது. அதுவும் 2018இலிருந்து வந்த புதிய தலைமுறைச் சிப்புகளுக்கு மட்டும். வன்னியில் எங்கள் மேசைக்கு வருபவை பெரும்பாலும் அதற்கு முந்தியவை.

அந்தப் பிள்ளைக்கு மருந்து தெரிந்திருந்தது என்பதுதான் என் நெஞ்சைத் தொட்டது. தொலைபேசியில் ஆங்கிலத்தில் தேடி, சரியான வழியைக் கண்டுபிடித்திருந்தாள். தொடக்கப் பட்டியலில் 'இ' விசையை அழுத்த வேண்டும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'ஸ்பிளாஷ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'நோமோட்செட்' (nomodeset) என்ற சொல்லை, அதன் நடுவில் இடைவெளி விடாமல், ஒரே சொல்லாகச் சேர்க்க வேண்டும். பிறகு எஃப் 10 அழுத்த வேண்டும். "கிராபிக்ஸ் டிரைவரை இப்போதைக்கு ஏற்றாதே, பழைய எளிய காட்சியிலேயே ஓடு" என்று கருநிரலுக்குச் சொல்வது அந்தச் சொல். அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே அது செல்லும். நிரந்தரமாக எதையும் மாற்றாது, எதையும் கெடுக்காது.

"அதைத்தான் அண்ணா அடிச்சனான். 'எம்' எழுத்து வருகுதில்லை. அரைப்புள்ளிதான் விழுகுது. அப்பதான் கீபோர்ட்டும் போயிட்டுதெண்டு நினைச்சன்."

விசைப்பலகையைப் பார்த்தேன். விசைப்பலகை கெடவில்லை. அது பிரெஞ்சு விசைப்பலகை. பிரான்சில் 'எம்' எழுத்து 'எல்' எழுத்துக்கு வலப்பக்கம் இருக்கும். தொடக்கப் பட்டியல் நிலையிலோ கணினிக்கு அமெரிக்க விசைப்பலகை அமைப்பு மட்டுமே தெரியும். அங்கே அந்த இடம் அரைப்புள்ளிக்குரியது. 'என்' எழுத்துக்கு வலப்பக்கத்து விசையை அழுத்தச் சொன்னேன். பிரெஞ்சுப் பலகையில் அதிலே காற்புள்ளி அச்சிட்டிருக்கும். அழுத்தினாள். 'எம்' விழுந்தது. எஃப் 10 அழுத்தியதும் அரை நிமிடத்தில் மின்ட்டின் பச்சைத் திரை மலர்ந்தது. அவளுடைய தகப்பன் எழும்பி வந்து திரையைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

முப்பத்தையாயிரம் ரூபா கேட்கப்பட்ட நோய்க்கு ஒரு காற்புள்ளி விசைதான் மருந்து.

நிறுவி முடித்த பிறகு இரண்டாவது இருட்டு ஒன்று உண்டு. நிறுவிய கணினி முதற்தரம் எழும்பும்போது முன்பு சொன்ன சொல்லை மறந்திருக்கும், மறுபடி திரை கறுக்கும். பலர் பாதி வழி வந்து இங்கேதான் கைவிடுகிறார்கள். அப்போது எஸ்கேப் விசையை, பழைய கணினிகளில் ஷிஃப்டை, அழுத்தித் தொடக்கப் பட்டியலை வரவழைத்து, அதே சொல்லை மறுபடி சேர்க்க வேண்டும். உள்ளே போனதும் டிரைவர் மேலாளரைத் திறந்து, அது பரிந்துரைக்கும் என்விடியா டிரைவரை நிறுவ வேண்டும். அப்போது ஒரு கடவுச்சொல் கேட்டால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தொடக்கத்தில் ஒரு நீலத் திரை வந்து பத்து வினாடிகள்தான் காத்து நிற்கும். பயந்து விட்டுவிட்டால் டிரைவர் ஏறாது. அதற்குள் ஒரு விசையை அழுத்திச் சாவியைப் பதிவதற்கான வரியைத் தெரிவுசெய்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

எங்கள் தலைமுறையினருக்கு அந்தச் சொல்லின் வேலையை ஓர் உவமையால் விளக்கலாம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினோம்? கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். 'நோமோட்செட்' அந்தச் சில துளி பெற்றோல். எழுப்புவதற்கு மட்டுந்தான் அது. அதையே நிரந்தரமாக எழுதி வைத்தால் வீடியோ இழுபடும், திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, எழுத்துகள் பெருத்துத் தெரியும். பிறகு "லினக்ஸ் சரியில்லை" என்ற பெயர்தான் மிஞ்சும். ஓடுவதற்கு உரிய எரிபொருள் உரிய டிரைவர்தான்.

2003இல், சமாதான காலத்தில், கிளிநொச்சியில் ஒரு சிறு வகுப்பில்தான் நான் கணினியை முதன்முதலில் தொட்டேன். அப்போது வன்னிப் பெருநிலப்பரப்புக்குள் மின்கம்பி வழியான மின்சாரம் இல்லை. பின்னேரம் இரண்டு மணித்தியாலம் ஜெனரேற்றர் ஓடும். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் கணினி எழும்பாவிட்டால் அன்றைய படிப்பு அவ்வளவுதான். எங்கள் ஆசிரியர் ஒரு கொப்பியில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம் வைத்திருந்தார். எந்தக் கணினி எப்படி மக்கர் பண்ணும், எதைச் செய்தால் எழும்பும் என்று தமிழில் எழுதியிருப்பார். அந்தக் கொப்பியை விரித்துத்தான் நாங்கள் வேலை தொடங்குவோம். 2009இல் அந்த வகுப்பும் போயிற்று, கொப்பியும் போயிற்று. கொப்பி வைக்கும் பழக்கம் மட்டும் என்னோடு வந்தது.

ஏன் தமிழில் எழுதிய தாள் வேண்டும் என்று கேட்கலாம். லினக்ஸின் மேசைத்திரையைத் தமிழிலேயே வைத்துக்கொள்ள முடியும். 1990களின் இறுதியிலிருந்து பல நாடுகளில் இருந்த தமிழ்த் தன்னார்வலர்கள் சம்பளமின்றி உட்கார்ந்து மொழிபெயர்த்த பயன் அது. ஆனால் கிராபிக்ஸ் எழும்பாதபோது எஞ்சுவது கறுப்பு எழுத்துத் திரை ஒன்றுதான். அது பெட்டிக்கு ஓர் எழுத்தாக வரிசையில் வைக்கத் தெரிந்தது. ஒரே நேரத்தில் 512 வடிவங்களுக்கு மேல் அதற்குள் அடங்காது. கொம்பை முன்னும் அரவைப் பின்னும் வைத்துக் 'கொ' என்று கோத்துக் காட்டும் வசதி அதற்கு இல்லை. ஆகவே பிழைச்செய்தி முழுவதும் ஆங்கிலம்தான். பிள்ளைக்கு மிகவும் துணை தேவைப்படும் அந்த நேரத்தில்தான் தமிழ் காணாமற்போகிறது. இதை மென்பொருளால் இன்றைக்கே சரிக்கட்ட எங்களால் முடியாது. ஒரு தாளால் முடியும். சுவரில் ஒட்டிய தாளுக்குக் கிராபிக்ஸ் டிரைவர் தேவையில்லை.

சென்ற ஆண்டு ஒரு கிராமத்துப் பாடசாலை அதிபர் கூப்பிட்டு அவர்களுடைய கணினி அறைக்குப் போனேன். பதினொரு கணினிகளில் ஏழின் மேல் 'பழுது' என்று தாள் ஒட்டியிருந்தது. கழித்துவிடுவதற்குப் பட்டியலும் எழுதியாயிற்று. ஒரு பகல் முழுக்க இருந்தேன். இரண்டில் றாமைக் கழற்றி, அதன் பொன்நிறக் கால்களை அழிறப்பரால் தேய்த்து மறுபடி பூட்டினேன், எழும்பின. ஒன்றில் மொனிற்றர் வயரை, தனியே பூட்டியிருந்த கிராபிக்ஸ் காட்டில் குத்தாமல் போர்டில் இருந்த துளையில் குத்தியிருந்தார்கள். இரண்டு, லினக்ஸ் போட முயன்றபோது இருண்டவை. 'நோமோட்செட்' அவற்றை எழுப்பியது. ஒன்றில் எழுத்துகள் பூதாகாரமாகத் தெரிந்தன. காரணம் பழைய விஜிஏ வயரில் உடைந்திருந்த ஓர் ஊசி. மொனிற்றர் தன் அளவைக் கணினிக்குச் சொல்வது அந்த ஊசிகள் வழியாகத்தான். சொல்ல முடியாதபோது லினக்ஸ் 1024க்கு 768 என்ற பழைய அளவில் நின்றுவிடும். வயரை மாற்றினோம். உண்மையிலேயே இறந்தது ஒன்று மட்டும்தான். இடிமின்னலில் போர்டு கருகியிருந்தது.

அந்த ஆறு கணினிகளும் அன்று மாலையே பிள்ளைகளின் கைக்குப் போயின. ஒரு சதமும் செலவில்லை, விஜிஏ வயரின் விலையைத் தவிர.

"இவ்வளவு தலையிடி ஏன்? விண்டோஸைக் கொப்பி பண்ணிப் போட்டுவிட்டுப் போகலாமே" என்று என்னிடம் பலர் சொல்கிறார்கள். பல ஆண்டுகள் நானும் அதைத்தான் செய்து கொடுத்தேன். இனிச் செய்ய மாட்டேன். பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸில், எங்கிருந்தோ எடுத்த திருட்டுத் திறப்போடு, ஆசிரியர் பிள்ளைகளின் புள்ளிகளை வைத்திருக்கிறார். தாய் வெளிநாட்டுக் காசு வந்த வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கிறாள். அதற்குள் எது புகுந்தாலும் கேட்பார் இல்லை. புதுக் கணினி வாங்கலாம் என்பதும் பதிலாகாது. 2022இல் ரூபா விழுந்தபோது, சில மாதங்களுக்குள் ஒரு மடிக்கணினியின் விலை ஒரு விவசாயக் குடும்பத்தின் போகத்தையே விழுங்கும் அளவுக்கு ஏறியதைப் பார்த்தோம்.

லினக்ஸுக்கும் குறைகள் உண்டு, அதை மறைத்து யாரையும் இழுக்க நான் விரும்பவில்லை. மிகப் பழைய என்விடியா காட்களுக்கு நிறுவனத்தின் டிரைவர் நின்றுவிட்டது. 340 வரிசையை 2019 முடிவோடும் 390 வரிசையை 2022 முடிவோடும் கைவிட்டார்கள். அவற்றுக்கு நூவோவோடு அமைதியாக இருப்பதே நல்லது, அல்லது காட்டைக் கழற்றிவிட்டுப் போர்டில் உள்ள இன்டெல் கிராபிக்ஸில் ஓடலாம். கலியாண வீடியோ வெட்டும் ஸ்ரூடியோக்காரருக்கு அவருடைய மென்பொருள் லினக்ஸில் வராது. அவரை நான் மாறச் சொல்வதில்லை. ஆனால் எழுத, கணக்குப் போட, நிரல் எழுதிப் பழக, பாடம் பார்க்க ஒரு பிள்ளைக்கு வேண்டியவை அனைத்தும் அதில் இருக்கின்றன.

லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் எங்களுக்கு அந்நியமானதும் அல்ல. 2004 டிசம்பர் 26இல் கடல் முல்லைத்தீவைத் துடைத்துச் சென்ற அந்த நாட்களில், இலங்கையின் கணினித் தன்னார்வலர்கள் சேர்ந்து நிவாரணத்துக்காக எழுதிய 'சகனா' என்ற மென்பொருள் பிறகு உலகின் வேறு பேரிடர்களுக்கும் போனது. கேரளம் தன் அரச பாடசாலைகளை லினக்ஸில் ஓட்டுகிறது. 2018இல் அங்கே 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் கழகங்களைத் தொடங்கினார்கள். பாடசாலைக் கணினிகளைப் பார்த்துக்கொள்வதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அங்கே லினக்ஸ் நிலைத்ததற்கு மென்பொருள் மட்டும் காரணமல்ல. திரை இருண்ட நாளில் பக்கத்து வாங்கிலே விடை தெரிந்த ஒருவர் இருந்தார்.

எங்களுக்கும் அதுதான் வேண்டும். துணுக்காய், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா எங்கும் வலயக் கணினி வள நிலையங்கள் ஒரு தாளை அச்சடித்து ஒவ்வொரு கணினி அறையிலும் ஒட்ட வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில், பத்தே வரிகள். அதோடு ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு கொப்பி. கணினியின் மாதிரி என்ன, கிராபிக்ஸ் சிப் என்ன, எந்தப் பதிப்பு எழும்பியது, எதைச் செய்தபோது எழும்பியது என்று அதிலே எழுத வேண்டும். ஒரு பாடசாலையில் கண்ட விடையை அடுத்த பாடசாலை மறுபடி தேடக் கூடாது. வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலும், அங்கேயே உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும் படிக்கும் பிள்ளைகள் ஒரு தவணைக்கு ஒரு நாள் பென் டிரைவோடு ஒரு கிராமத்துப் பாடசாலைக்குப் போனால் போதும். 'பழுது' என்று ஒட்டிய எந்தக் கணினியும், இந்தப் பத்து வரிகளும் பார்க்கப்படாமல் கழிவுப் பட்டியலில் ஏறக் கூடாது என்று ஓர் ஒழுங்கு வர வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் அனுப்பும் பழைய மடிக்கணினிகள் இங்கே ஒரு பிள்ளையின் எதிர்காலம். வாங்கும்போது இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ் மட்டும் உள்ளதாகப் பாருங்கள். அனுப்புமுன் அங்கேயே ஒரு தரம் லினக்ஸைப் போட்டு எழுப்பிப் பாருங்கள். பிரான்சிலோ ஜேர்மனியிலோ இருந்து அனுப்புவதென்றால், எழுத்துகள் இடம் மாறியிருப்பதை ஒரு துண்டில் எழுதி மூடிக்குள் வைத்துவிடுங்கள்.

அன்றைக்குக் கணினியை மறுபடி உரப்பைக்குள் வைத்தபோது அந்த மாணவி என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டாள். கடை வாங்கில் இருந்து, செய்த எல்லாவற்றையும் வரிசையாகத் தமிழில் எழுதினாள். முதல் வரி: "பயப்பட வேண்டாம், கப்ஸ் லொக்கை அழுத்து. விளக்கு மாறினால் கணினிக்கு உயிர் இருக்கிறது." இரண்டாவது: "இருட்டு அறையில் திரைக்குச் சரிவாக ரோர்ச் அடி. மங்கலாகப் படம் தெரிந்தால் போனது திரையின் வெளிச்சம் மட்டுந்தான்." அடுத்து வயர், அடுத்து றாம், அடுத்து அந்தச் சொல். தொடக்க வரியில் 'குவைற்', 'ஸ்பிளாஷ்' என்ற இரு சொற்களையும் அழித்தால் எந்த இடத்தில் நின்றது என்று கணினியே சொல்லும், அதைத் தொலைபேசியால் படமெடு என்று ஒரு வரி. கடைசி வரியைக் கோடிட்டு எழுதியிருந்தாள்: "பிரெஞ்சுக் கீபோர்ட் என்றால் எம்முக்குக் காற்புள்ளி."

அந்தத் தாளைப் பிரதியெடுத்துக் கடையில் வைத்திருக்கிறேன். இதுவரை நான்கு பாடசாலைகள் வாங்கிச் சென்றிருக்கின்றன. ஒரு தாளுக்குப் பிரதியெடுக்கும் செலவு எவ்வளவு என்பது வலயக் கல்வி அலுவலகங்களுக்குத் தெரியும்.